வேலைக்குப் போகிறவருக்கு எந்த டயாலிசிஸ்?

"ஈஜிஎஃப்ஆர் பதினொண்ணுக்கு வந்துடுச்சு. எந்த டயாலிசிஸ்னு இப்பவே யோசிச்சு வைங்க" என்று டாக்டர் சொன்னார். ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்; குறையக் குறைய மோசம். அன்று எனக்குத் தெரிந்த டயாலிசிஸ் ஒன்றுதான்: ஆஸ்பத்திரிப் படுக்கை, கையில் ஊசி, பக்கத்தில் மெஷின். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்கிற வகை ஒன்று உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. உயிரோடு இருப்பதற்கு எது மேல் என்று கேட்டேன். இரண்டும் ஏறக்குறைய சமம்தான் என்றார். சரி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மேசையில் நான் உட்கார்ந்திருக்க எது உதவும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உங்க வேலையைப் பொறுத்தது" என்றார்.

அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மூன்று வருடம் வயிற்று டயாலிசிஸ், அதன் பிறகு ரத்த டயாலிசிஸ் என இரண்டையும் கணக்குப் பிரிவு வேலையோடு சேர்த்துச் செய்து பார்த்த பிறகு, அவர் சொன்னது சரி என்று தெரிகிறது. ஆனால் அதை யாராவது விரித்துச் சொல்லியிருந்தால் எனக்குப் பல மாதக் கலக்கம் மிச்சமாகியிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டுமே பொருந்தும் என்று அவர் சொன்னால், மிச்ச முடிவுக்கு இது உதவும்.

முதலில் ஒரு கணக்கு. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓடுகிறது. சென்டரில் செய்யும் ரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். ஆக 12 மணி நேரம். ஒரு வாரம் முழுக்க நடக்க வேண்டிய சுத்திகரிப்பை 12 மணி நேரத்தில் அமுக்கிச் செய்வதால்தான் அந்த முறையில் களைப்பும், தண்ணீர்க் கட்டுப்பாடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்குமோ என்ற பயமும் அதிகம். வயிற்று டயாலிசிஸ் நாள் பூராவும் மெல்ல நடக்கிறது. அதனால் உடம்புக்கு அதிர்ச்சி குறைவு, ஆனால் ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. உங்கள் நேரத்தை எந்த வடிவத்தில் கொடுக்க முடியும், வாரத்தில் மூன்று பெரிய துண்டுகளாகவா, தினமும் நான்கு சின்னத் துண்டுகளாகவா என்பதுதான் வேலைக்குப் போகிறவரின் முதல் கேள்வி.

ராஜினாமா கடிதத்தைத் தள்ளிப் போடுங்கள்

இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரக நோயால் வேலையை இழப்பவர்களில் கணிசமானவர்கள் டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே வேலையை விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. எல்லாவற்றிலும் மோசமான மாதங்கள் அவைதான். வாயில் எப்போதும் இரும்புச் சுவை. சாயங்காலம் ஷூவுக்குள் கால் நுழையாத வீக்கம். முதுகெல்லாம் அரிப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எனக்கு ஹீமோகுளோபின் எட்டுக்கு வந்திருந்தது. ஒரு பக்கக் கணக்கைக் கூட்டி முடித்ததும் முதல் வரியில் என்ன இருந்தது என்று மறந்துவிடும். இப்போதே இப்படி என்றால் டயாலிசிஸ் வந்தால் என்ன ஆவேன் என்றுதான் அந்த நிலையில் யாருக்கும் தோன்றும்.

உண்மையில் அந்த மந்தத்தில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய கழிவாலும் நீராலும் ரத்தசோகையாலும் வருவது. டயாலிசிஸ் தொடங்கிச் சில வாரங்களில் முதல் இரண்டும் குறையும். ரத்தசோகைக்கு, ரத்த அணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் இருக்கின்றன. எரித்ரோபொய்டின் 1989-ல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு டயாலிசிஸ் செய்தவர்கள் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் நடமாடினார்கள். இன்று அந்த நிலை இல்லை. அதனால், மிகவும் கீழே இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் வேலையைப் பற்றிய கடைசி முடிவை எடுக்காதீர்கள். நீண்ட விடுப்பு கேளுங்கள், பாதி நாள் கேளுங்கள், வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். டயாலிசிஸ் தொடங்கி மூன்று மாதம் போன பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அந்த ஆள்தான் முடிவு எடுக்கத் தகுதியானவர்.

அதே சமயம், பயத்தில் சீக்கிரமே டயாலிசிஸைத் தொடங்கிவிடவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஐடியல் ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் 10-லிருந்து 14-க்குள் இருக்கும்போதே தொடங்குவது என்று ஒரு பிரிவுக்கும், 5-லிருந்து 7-க்கு இறங்கும்வரை காத்திருப்பது என்று இன்னொரு பிரிவுக்கும் திட்டம். இரண்டு பிரிவுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது எண்ணைவிட அறிகுறிகளைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். இதனால் கிடைக்கும் மாதங்களைத் தயாரிப்புக்குப் பயன்படுத்த வேண்டும். தயாரிப்பு இல்லாமல் ஒரு ராத்திரி மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குப் போனால், கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் எந்த வகை, எந்த நேரம், எந்த மையம் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்காது. குழாயில் தொற்று வரும் அபாயமும் அதிகம்.

சென்டரில் செய்யும் ரத்த டயாலிசிஸ்

இதற்குக் கையில் ஃபிஸ்டுலா வேண்டும். சின்ன அறுவை சிகிச்சை செய்து தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவார்கள். சிரை தடித்து ஊசி தாங்கும் நிலைக்கு வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். சிலருக்கு முதல் முயற்சி பலிக்காமலும் போகும். எழுதாத கையில்தான் வழக்கமாகப் போடுவார்கள். முதல் ராத்திரி அந்தக் கை தற்செயலாகக் காதுப்பக்கம் வந்தபோது, உள்ளே ஓடும் ரத்தத்தின் 'உஸ் உஸ்' ஓசை கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது அந்த ஓசை கேட்காவிட்டால்தான் பயம். தினமும் காலையில் விரலை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அது நின்றுபோனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேரத்தை நான்கு மணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போய்ச் சேர்ந்து, எடை பார்த்து, முறைக்குக் காத்திருந்து, இரண்டு ஊசி குத்தி, முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதற்குள் எனக்கு ஆறு மணி நேரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு களைப்பு. சிலர் இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடுவார்கள், சிலருக்கு மறுநாள் காலைதான் தலை நிமிரும். இந்தத் தெளியும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், முதல் இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டரிடமும் அதிகாரியிடமும் பேசும்போது "ரொம்ப டயர்டா இருக்கு" என்பதைவிட "முடிஞ்சு தெளிய ஏழு மணி நேரம் ஆகுது" என்பது பத்து மடங்கு உதவும்.

அந்தக் களைப்பைக் குறைக்க நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எவ்வளவு நீர் ஏறுகிறதோ அதை நான்கு மணி நேரத்தில் இழுத்தாக வேண்டும். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் இழுப்பது இதயத்துக்கு நல்லதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணிக்குச் சுமார் மூன்று லிட்டர். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தால் கடைசி மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், பிரஷர் இறங்கும், மறுநாள் வேலை போச்சு. தண்ணீரைக் குறைப்பது உப்பைக் குறைப்பதில்தான் தொடங்குகிறது. உப்பு உள்ளே போனால் தாகத்தை யாராலும் அடக்க முடியாது.

இன்னொன்று, வாரத்தில் ஒரு இடைவெளி மட்டும் இரண்டு நாள் நீளும். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்குச் சனியும் ஞாயிறும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் இதயச் சிக்கல்கள் அதிகம் வருகின்றன என்பது பெரிய கணக்கெடுப்புகளில் தெரியவந்த விஷயம். அந்த நாட்களில் தண்ணீரும் பொட்டாசியமும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திங்கள் காலையில் முக்கியமான கூட்டத்தையோ தூரப் பயணத்தையோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, எந்த ஷிஃப்டில் இடம் கிடைக்கிறது என்பது. மாலை ஷிஃப்ட் கிடைத்தால் இது வேலையோடு ஒத்துப்போகும் சிகிச்சை. அலுவலகம் முடித்து நேரே போய், முடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டால், களைப்பைத் தூக்கம் எடுத்துக்கொள்ளும். காலை ஷிஃப்ட் என்றால் அன்று மதியத்துக்கு மேல் ஏதோ கொஞ்சம் முடியும். நடுப்பகல் ஷிஃப்ட் என்றால் வாரத்தில் மூன்று நாள் போயே போச்சு. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் மெஷினின் பளபளப்பையும் பார்க்காமல், மாலை ஷிஃப்டில் நிரந்தர இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள். அங்கும் இடம் காலியாகும், மாறும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதை எனக்குச் சொன்னவர் பக்கத்து நாற்காலியில் எட்டு வருடமாக வரும் ஒரு டிரைவர் அண்ணன். "வீட்டுக்குள்ள இந்த வியாதிய நான் விடல தம்பி. அட்டைப்பெட்டி, பை, ஸ்டாண்டு ஒண்ணும் கிடையாது. எம் பொண்ணு இதையெல்லாம் பார்க்காமலே வளர்ந்துட்டா" என்றார். மூன்று நாள் போக மிச்ச நாலு நாளும் முழுசாக உங்களுடையவை. செய்வதும் பார்த்துக்கொள்வதும் பயிற்சி பெற்ற சிஸ்டர்களும் டெக்னீஷியன்களும். தனியாக இருப்பவர்களுக்கும், வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கும், எல்லாவற்றையும் தானே செய்யும் பொறுப்பைத் தாங்க மனம் ஒப்பாதவர்களுக்கும் இது நிம்மதி.

வயிற்று டயாலிசிஸ்

நான் முதலில் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, இரண்டு வாரம் ஆறவிட்டு, பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, புதிதாக ஏற்ற வேண்டும். நாளுக்கு நான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் முக்கால் மணி. சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்களுக்குக் குறைவான தடவைகளோடு தொடங்குவதும் உண்டு. கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு தடவை குறைவது பெரிய விஷயம்.

வீட்டில் காலை ஆறரை, அலுவலகத்தில் மதியம் பன்னிரண்டரை, வீடு திரும்பி ஆறு, படுக்கும் முன் பத்தரை. இதுதான் என் நேரம். அலுவலகத்தில் பழைய கோப்புகள் வைத்திருந்த சின்ன அறையைக் கொடுத்தார்கள். கதவைத் தாழ்போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மேசையைத் துடைத்து, முகமூடி போட்டு, கையைச் சோப்புப் போட்டு விரலிடுக்கு வரை கழுவி நன்றாக உலரவிட்டு, அப்புறம்தான் மூடியைத் திறப்பேன். வடிகிற பையைத் தரையில், புதுப் பையைக் கோட் மாட்டும் கொக்கியில். வடிய இருபது நிமிடம், ஏற பத்து நிமிடம். அந்த நேரத்தில் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவேன். முடிந்ததும் வடிந்த பையை ஒரு அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கலங்கலாகத் தெரிந்தால் தொற்று. மூன்று வருடமும் ஒவ்வொரு பைக்கும் இதைச் செய்தேன்.

இதன் நன்மைகள் எனக்கு முதல் மாதமே தெரிந்தன. திடீர் ஏற்ற இறக்கம் இல்லை, அதனால் சென்டர் களைப்பு இல்லை. பொட்டாசியக் கட்டுப்பாடு கணிசமாகத் தளர்ந்தது. மிச்சமிருந்த சிறுநீர் போவதும் இந்த முறையில் பொதுவாகக் கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும். ஊசி இல்லை. மருத்துவமனைக்கு மாதம் ஒரு முறை போனால் போதும். ஒன்பது முதல் ஐந்தரை வரை வேலை பார்த்தேன், வெளியூர்த் தணிக்கைக்குப் பைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போய்வந்தேன்.

தொல்லைகளும் இருக்கின்றன. நாளுக்கு எட்டு லிட்டர் என்றால் மாதத்துக்கு 240 லிட்டர். கிட்டத்தட்ட கால் டன் திரவம் அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு வரும். ஒரு அறையின் ஒரு சுவர் அதற்கே போய்விடும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் எடை கூடும், சர்க்கரை நோய் இருந்தால் மருந்தளவை மாற்ற வேண்டிவரும். புரதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அதைச் சாப்பாட்டில் ஈடுகட்ட வேண்டும். பாரம் தூக்கினால் குடலிறக்கமோ கசிவோ வரலாம். வயிறு எப்போதும் நிறைந்திருக்கும் உணர்வும், உடை பொருந்தாததும், உடம்பில் தொங்கும் குழாயும் சிலரை மனதளவில் மிகவும் பாதிக்கும். அதை அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலும், வயிற்றுச் சவ்வு வருடக்கணக்கில் சர்க்கரைத் திரவத்தில் ஊறி மெல்ல மெல்லத் திறன் இழக்கும். இது பலருக்கும் சில வருடங்களுக்கான வழி, ஆயுள் முழுக்க ஓடுவது அரிது.

பெரிய எதிரி பெரிடோனைட்டிஸ் என்கிற வயிற்றுச் சவ்வுத் தொற்று. எனக்கு அது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். வருடக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாள். பன்னிரண்டரைக்கு மாற்ற வேண்டிய பையை மூன்று மணிக்கு மாற்றினேன். நடுவில் யாரோ கதவைத் தட்ட, திறந்த குழாயோடு எழுந்து பதில் சொன்னேன். திரும்ப உட்கார்ந்து, கை கழுவாமல் இணைத்தேன். நாற்பது வினாடி மிச்சமாகியிருக்கும். மறுநாள் ராத்திரி பையில் எழுத்து தெரியவில்லை. வயிற்றுவலி, காய்ச்சல், மூன்று வாரம் ஆன்டிபயாடிக். அது சரியானது. ஒன்றரை வருடம் கழித்து வந்த இரண்டாவது தொற்று வேறு வகைக் கிருமி, குழாயையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் சென்டருக்கு வந்தேன்.

இதை வைத்து வயிற்று டயாலிசிஸ் ஆபத்தானது என்று நான் சொல்ல மாட்டேன். சர்வதேச பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கம் 2022-ல் தந்த வழிகாட்டுதல்படி, ஒரு மையத்தில் தொற்று விகிதம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4-ஐத் தாண்டக் கூடாது. அதாவது இரண்டரை வருடத்துக்கு ஒரு தொற்று, அல்லது அதைவிடக் குறைவு. "உங்க சென்டர்ல இந்த எண் எவ்வளவு?" என்று கேளுங்கள். நல்ல மையம் தயங்காமல் சொல்லும். ஆனால் உங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை தலைக்கு மேல் போகும் நாளில், கதவு தட்டப்படும்போது, எழுந்துபோகாமல் இருக்க உங்களால் முடியுமா? அலுவலகம் அதற்கு விடுமா? என் அலுவலகம் நல்ல அலுவலகம். நான்தான் எழுந்துபோனேன்.

இதிலேயே இரவில் மெஷின் வைத்துச் செய்கிற வகை உண்டு. படுக்கும்போது இணைத்தால் எட்டு முதல் பத்து மணி நேரம் அதுவே ஏற்றி வடித்துக்கொண்டிருக்கும். பகலில் பலருக்கு ஒரு தடவைகூட மாற்ற வேண்டியிருக்காது. அலுவலகத்தில் அறை கிடைக்காதவர்களுக்கும், வகுப்பை விட்டு நகர முடியாத ஆசிரியர்களுக்கும் இதுதான் சரி. குழாயின் நீளத்துக்குள்தான் ராத்திரி நடமாட்டம், புரண்டு படுத்தால் அலாரம் அடிக்கும். ஷிஃப்ட் மாறி மாறி வரும் வேலையில் இருப்பவர்களுக்குச் சிரமம். எனக்கு இது கிடைத்திருந்தால் அந்த மதிய வேளைப் பையே இருந்திருக்காது என்று இப்போதும் நினைப்பதுண்டு.

வீட்டிலேயே ரத்த டயாலிசிஸ் செய்யும் வழியும் இருக்கிறது. வழக்கமான மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும், நான்கு மணிக்கு 120 லிட்டர். அதற்கான தண்ணீர்ச் சுத்திகரிப்பு, கூட ஒருவர், வாரக்கணக்கில் பயிற்சி எல்லாம் வேண்டும். முடிந்தவர்களுக்கு மிக நல்லது, முடிந்தவர்கள் குறைவு. சில மையங்களில் இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டே ஆறிலிருந்து எட்டு மணி நேரம் மெதுவாகச் செய்கிறார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் வேறெதையும் ஒப்பிடவே வேண்டாம், போய்க் கேளுங்கள்.

மாற்று சிறுநீரகம்

தகுதியுள்ளவர்களுக்கு, வேலைக்கும் ஆயுளுக்கும் சேர்த்து, இதுதான் முதல் தேர்வு. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே செய்துகொள்ள வாய்த்தால் இன்னும் நல்லது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரேயின் குழு ஒரு இரட்டையரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதுதான் முதல் நிலைத்த வெற்றி. இன்று இரட்டையராக இருக்க வேண்டியதில்லை. டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன.

வேலைக் கணக்கில் பார்த்தால்: கொடுப்பவருக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஓய்வு, பெறுபவருக்குச் சுமார் இரண்டு மூன்று மாதம். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தப் பரிசோதனை. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், ஒரு வேளையும் தவறாமல், சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்கப் போட வேண்டும். கை நடுக்கம், புதிதாகச் சர்க்கரை, தோல் புற்றுநோய் அபாயம், எளிதில் தொற்று ஆகியவை பக்கவிளைவுகள். நோயாளிகளோடும் சின்னக் குழந்தைகளோடும் வேலை செய்கிறவர்கள் முதல் சில மாதம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொருத்திய சிறுநீரகமும் என்றென்றைக்கும் ஓடாது. பல வருடம் ஓடும், பிறகு திரும்ப டயாலிசிஸ் வரலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர் பின்னால் உடைந்துபோவதில்லை.

மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதால் டயாலிசிஸ் வகையைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் பல வருடமாகலாம். இரண்டு ஏற்பாடும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

எந்த வேலைக்கு எது

மேசை வேலை, பூட்டிக்கொள்ள ஒரு சுத்தமான அறை, கைகழுவத் தொட்டி, இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறது என்றால் வயிற்று டயாலிசிஸை முதலில் முயன்று பாருங்கள் என்பேன். என் அனுபவத்துக்குப் பிறகும் இதையே சொல்கிறேன். அந்த மூன்று வருடமும் எனக்கு முழுச் சம்பளம், முழு வேலை. தூசியிலும் எண்ணெயிலும் வேலை, பாரம் தூக்கும் வேலை என்றால் சென்டர்தான் பத்திரம். ஆனால் ஃபிஸ்டுலா கையில் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது, அடிபடக் கூடாது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் என்ற மருந்து கொடுத்திருப்பார்கள் என்பதால் அன்று கூர்மையான கருவிகளைத் தொடாமல் இருப்பது நல்லது. சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு, சவாரி இல்லாத நேரமாகப் பார்த்து ஷிஃப்ட் வாங்குவதில்தான் எல்லாமே இருக்கிறது. பிரஷர் இறங்கிய அன்று உடனே வண்டியை எடுக்கக் கூடாது. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனை வேலைக்கு வயிற்று வழி சுலபம். சென்டர் வழியில், போகுமிடமெல்லாம் முன்பதிவு செய்து இடம் பிடிக்க வேண்டும்.

அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்று கேட்பார்கள். நோயின் பெயரை எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரோ, தினமும் அரை மணி ஒரு அறையைப் பூட்டிக்கொள்கிறவரோ காரணம் சொல்லாமல் இருந்தால், அந்த வெற்றிடத்தை மற்றவர்கள் வேறு கதையால் நிரப்பிவிடுவார்கள். மேலதிகாரியிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "சார், எனக்குச் சிகிச்சைக்குத் தினமும் மதியம் நாற்பது நிமிஷம், ஒரு சுத்தமான ரூம், மாசத்துல ஒரு நாள் லீவு வேணும். மத்தபடி என் வேலை எதுவும் குறையாது. மூணு மாசம் பார்த்துட்டுத் திரும்பப் பேசலாம்." என்ன முடியாது என்று பட்டியல் போடாமல் என்ன வேண்டும் என்று எண்ணிக்கையோடு சொன்னதால் அவர் ஐந்து நிமிடத்தில் சம்மதித்தார். டாக்டரின் கடிதத்தையும் அன்றே கையில் கொடுத்தேன்.

1960-ல் சியாட்டிலில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரக் குழாய் பொருத்தும் முறையைக் கண்டுபிடித்து முதன்முதலில் நீண்டகால டயாலிசிஸ் கொடுத்தது கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரப் பட்டறைத் தொழிலாளிக்கு. சில வாரமே இருப்பார் என்ற நிலையிலிருந்து பதினோரு வருடம் வாழ்ந்தார், திரும்ப வேலைக்கும் போனார். எனக்கு முதல் ஃபிஸ்டுலா போட்ட வாரம் ஒரு சிஸ்டர் அவரைப் பற்றிச் சொன்னார். அதன்பின் பல இரவுகள் அவரை நினைத்திருக்கிறேன்.

இப்போது எனக்குச் செவ்வாய், வியாழன், சனி மாலை ஷிஃப்ட். என் அக்காவின் பரிசோதனைகள் பாதி முடிந்திருக்கின்றன. அடுத்த மாதம் பொருத்தம் தெரியும்.

நீங்கள் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை என்றாலும் ஒரு வேலையை இன்றே தொடங்கலாம். எழுதாத கையில், மணிக்கட்டிலிருந்து தோள்வரை, இனி யாரையும் ரத்தம் எடுக்கவோ சலைன் ஊசி போடவோ விடாதீர்கள். "புறங்கையில எடுங்க சிஸ்டர், இந்தக் கை ஃபிஸ்டுலாவுக்கு" என்று சொல்லுங்கள். முதலில் வயிற்று வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்று சிறுநீரகம் கிடைத்தாலும், அந்தச் சிரைகள் ஒருநாள் தேவைப்படலாம். எனக்குத் தேவைப்பட்டபோது அவை இருந்தன. ஈஜிஎஃப்ஆர் இருபதில் இருந்தபோது ரத்தம் எடுக்க வந்த பெண், என் சட்டைக்கையை மடித்தவர், நிறுத்தி, "எந்தக் கையில எழுதுவீங்க?" என்று கேட்டிருந்தார்.